ஜப்பானில் ஸங்க்யோவும் (கூடுதல் நேர வேலையும்) உங்கள் உடம்பும்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

டோக்கியோவில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், சோமு (பொது நிர்வாகம்) பிரிவில் வேலை பார்க்கிறேன். வேறு எந்தப் பிரிவும் எடுத்துக்கொள்ளாத வேலையெல்லாம் எங்கள் மேசைக்கு வரும்: வேலை நேரப் பதிவு, சம்பளக் கணக்கு, வருடாந்திர உடல் பரிசோதனைக்கு ஆள் அனுப்புவது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது. சொந்த ஊர் விருதுநகர். வீடு நிஷிகசாயில். நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதி என்பதால் ஞாயிற்றுக்கிழமை பருப்பு வாங்கக் கடைக்குப் போனால்கூட, "அக்கா, இந்தச் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது போனை நீட்டுவார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஜப்பானில் மருத்துவத்துக்குக் குறைவே இல்லை. 1961-இலிருந்து எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. பெண்களின் சராசரி ஆயுள் 87-ஐத் தாண்டிவிட்டது, ஆண்களுக்கு 81. வேலையில் இருப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டியது முதலாளியின் சட்டப்படியான கடமை. ஆனாலும் இதே நாட்டில்தான் அளவுக்கு மீறி உழைத்துச் சாவது கரோஷி என்ற பெயரில் சட்டப் புத்தகம்வரை ஏறியிருக்கிறது. 1969-இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்புதல் பிரிவில் வேலை பார்த்த 29 வயது இளைஞர் பக்கவாதத்தில் இறந்ததைத்தான் முதல் கரோஷியாகச் சொல்வார்கள். டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் 1991-இல் ஒரு 24 வயது ஊழியர் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனமே பொறுப்பு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நிறுவனத்தில் 2015 கிறிஸ்துமஸ் அன்று தகாஹாஷி மட்சுரி என்ற பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் வயது 24. 2017-இல் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். எங்கள் அலுவலகத்தில் இரண்டு புது லேப்டாப் வாங்கினால் அதற்குமேல் ஆகிவிடும்.

ஆக, குறை மருத்துவத்தில் இல்லை. அதுவரை போய்ச் சேர வழியில்லாமல் போவதில்தான் இருக்கிறது. பேட்டையில் இருக்கும் கிளினிக்குகள் பெரும்பாலும் மாலை ஆறு, ஆறரைக்கு மூடிவிடும். ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புகிறவருக்கு எவ்வளவு நல்ல காப்பீடு இருந்து என்ன பயன்? அதனால் மருத்துவத்துக்குப் போகுமுன் நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

நேரத்தை நீங்களே எழுதிவையுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். போனிலும் எழுதலாம், எனக்கு நோட்டுதான் பிடிக்கும். தினமும் எழுத வேண்டியது இவ்வளவுதான்: வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை எவ்வளவு, என்ன வேலை, யார் சொல்லிச் செய்தது. நிறுவனத்தின் பதிவில் ஆறு மணிக்கே வெளியேறியதாக அழுத்திவிட்டு எட்டரை வரை உட்கார்ந்திருந்தால், எட்டரை என்றே எழுதுங்கள். இப்படிச் சம்பளமில்லாமல் இருக்க வைப்பதை இங்கே சாபிசு ஸங்க்யோ என்பார்கள். சட்டப்படி தப்பு, ஆனால் நடக்கிறது.

நோட்டோடு நிறுத்த வேண்டாம். ரயில் கட்டணத்துக்கான சுயிக்கா அட்டையில் எந்த ரயில் நிலையத்தில் நுழைந்தீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பது பதிவாகிறது. நிலையத்து இயந்திரத்தில் அச்செடுக்கலாம். பழைய பதிவுகள் அழிந்துபோகும் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்து நோட்டில் ஒட்டுங்கள். இரவு பத்தேகாலுக்கு மேலாளர் அனுப்பிய செய்தி, அதற்கு நீங்கள் போட்ட பதில், இரண்டும் சாட்சி. பின்னால் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்துக்கு, பேச்சுவழக்கில் ரோகிஷோவுக்கு, போக நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மனிதர் எவ்வளவு இளைத்துப்போயிருந்தாலும் காகிதத்தில் மணி நேரம் இல்லையென்றால் விஷயம் நகராது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சென்னையில் இருக்கும் குழுவுக்கும் இங்குள்ள வாடிக்கையாளருக்கும் நடுவில் பிரிட்ஜ் இன்ஜினியராக நிறையத் தமிழர்கள் இருக்கிறார்கள். நேர வித்தியாசம் மூன்றரை மணி. சென்னைக்காரர் மாலை ஆறரைக்கு "ஒரு சின்ன கால்" என்றால் இங்கே இரவு பத்து. காலையில் வாடிக்கையாளர் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு ஊர்களின் வேலை நாளையும் ஒரே ஆள் சுமக்கிறார். கேட்டால், "வீட்டிலிருந்துதானே அக்கா பேசுறேன், அது ஸங்க்யோ ஆகுமா?" என்கிறார்கள். ஆகும். நிறுவனம் சொல்லி அல்லது அதற்குத் தெரிந்து செய்கிற வேலை எங்கிருந்து செய்தாலும் வேலைதான். இரவு 10 முதல் காலை 5 வரை என்றால் தனியாக இன்னொரு 25 சதவீதமும் சேரும்.

எந்த எண்ணைத் தாண்டக் கூடாது

சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40. அதற்கு மேல் வேலை வாங்க, ஊழியர் தரப்போடு நிறுவனம் சப்ரோகு ஒப்பந்தம் போட்டு ரோகிஷோவில் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப் போட்டாலும் வழக்கமான உச்சவரம்பு மாதம் 45, வருடம் 360 மணி நேரம். அவசரம் என்று தனிப் பிரிவு சேர்த்தால் வருடம் 720 வரை போகலாம். அதிலும் 45-ஐத் தாண்டும் மாதங்கள் வருடத்தில் ஆறுக்கு மேல் இருக்கக் கூடாது. விடுமுறை நாள் வேலையும் சேர்த்து எந்த மாதமும் 100-ஐத் தொடக் கூடாது, இரண்டு முதல் ஆறு மாதச் சராசரி 80-ஐத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் சிறியவற்றுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் இந்தச் சட்டம்.

இதில் 80 என்ற எண்ணை மட்டுமாவது மறக்காதீர்கள். மூளை, இதய நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று அரசு பார்க்கும்போது, நோய்க்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரமோ, இரண்டு முதல் ஆறு மாதங்களில் சராசரியாக 80-ஓ இருந்தால் தொடர்பு வலுவானது என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது நிறுவனம் உங்களை வைத்திருக்கச் சட்டம் விடும் கடைசி எல்லையும், சாவுக்குக் காரணம் என்று அரசே கருதும் கோடும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இதில் கோபம் உண்டு. கூட்டத்தில் சொன்னால், "கோட்டுக்குள்தானே இருக்கிறோம்" என்பார்கள்.

80 மணி நேரம் எப்படி இருக்கும் என்றால், ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை தினமும் பத்து மணிக்கு முடிவது, இருபது நாள். கேட்க ஒன்றும் பயங்கரமாக இல்லை, இல்லையா? அதனால்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். வாரம் 55 என்றால் மாதம் சுமார் 65 மணி நேர ஸங்க்யோ. எண்பதுவரை போகவே வேண்டாம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மணிக்கூலி 1,600 யென் என்றால் ஸங்க்யோவுக்கு 2,000. மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டிய பகுதிக்கு 2,400. இரவு பத்துக்கு மேல் ஸங்க்யோ என்றாலும் 2,400. சட்டப்படியான வார விடுமுறையில் வேலை என்றால் 35 சதவீதம் கூடுதல். வராத பணத்தை மூன்று வருடம் வரை கேட்கலாம். வேலைக்குச் சேருமுன் தரும் நிபந்தனைத் தாளில் மினாஷி ஸங்க்யோ என்று இருக்கிறதா என்று பாருங்கள். "சம்பளத்தில் 45 மணி நேர ஸங்க்யோ அடங்கும்" என்று இருந்தால், 46-ஆவது மணியிலிருந்து தனியாகத் தர வேண்டும். "எல்லாம் அடங்கிவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் நம்பாதீர்கள்.

உடல் பரிசோதனைத் தாளைப் படியுங்கள்

வருடம் ஒருமுறை கென்கோ ஷிந்தான். செலவு நிறுவனத்துடையது. இரவுப் பணி வழக்கமாக உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. "அன்னைக்கு ரிலீஸ் இருக்கு, தள்ளிப் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டு வராதவர்கள் யார் என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். பெரும்பாலும் மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டியவர்களின் பட்டியலும் அதுவும் ஒன்றாகவே இருக்கும்.

போய் வந்தால் மட்டும் போதாது. முடிவுத் தாள் ஜப்பானிய மொழியில் வருவதால் நம் ஆட்கள் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். குறைந்தது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் சரி. டி, ஈ போன்றவை வந்தால் மறுபரிசோதனையோ சிகிச்சையோ வேண்டும் என்று அர்த்தம். மருத்துவமனைக்கு மருத்துவமனை எழுத்துமுறை மாறும், தாளின் அடியில் விளக்கம் இருக்கும். போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90-ஐத் தொட்டால் மெட்டாபோ (வளர்சிதைமாற்றக் கோளாறு) என்று எச்சரிப்பார்கள். ஜப்பானியர்களுக்குப் போட்ட அளவுதானே என்று நம் பையன்கள் கிண்டல் செய்வார்கள். சர்க்கரை நமக்கு இவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதை நினைத்தால் கிண்டல் வராது.

இங்கே பலருக்கும், ஜப்பானியர்களுக்கே, தெரியாத ஒரு சலுகை உண்டு. ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, இடுப்பு அல்லது உடல் எடைக் குறியீடு, இந்த நான்குமே சரியில்லை என்று வந்தால், வேலைவிபத்துக் காப்பீடான ரோசாய் மூலம் இரண்டாம் கட்டப் பரிசோதனை இலவசம். இதய, மூளை ரத்தக் குழாய்களைப் பார்ப்பார்கள், ஆலோசனையும் சொல்வார்கள். வருடம் ஒருமுறை. முதல் பரிசோதனை முடிந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குறிப்பிட்ட மருத்துவமனைகளில்தான் செய்வார்கள். ஏற்கெனவே மூளை, இதய நோய் உள்ளவர்களுக்குக் கிடையாது. சோமுவில் போய்க் கேளுங்கள். அங்கே இருப்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம், விடாதீர்கள்.

அடுத்தது மருத்துவரைச் சந்திப்பது. ஸங்க்யோவும் விடுமுறை வேலையும் சேர்ந்து மாதம் 80 மணி நேரத்தைத் தாண்டினால், அந்த எண்ணை நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் மருத்துவரோடு நேர்காணல் ஏற்பாடு செய்வது கட்டாயம். நீங்கள் கேட்க வேண்டும், அதுதான் இதில் உள்ள ஓட்டை. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் நிறுவன மருத்துவர் இருப்பார். அதற்குக் குறைவான இடங்களுக்கு வட்டாரத் தொழில் சுகாதார மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவர் "ஸங்க்யோவைக் குறைக்கவும்" என்று கருத்து எழுதினால் நிறுவனம் அதைக் குப்பையில் போட முடியாது, என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். மேலாளரிடம் நூறு முறை சொல்லி நடக்காதது அந்த ஒரு தாளில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் வருடாந்திர மன அழுத்தச் சோதனையும் உண்டு, 2015 டிசம்பரிலிருந்து. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்று குறிப்பவர்கள் நம்மில் அதிகம். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்த முடிவு முதலாளிக்குப் போகாது. பொய் சொல்ல அவசியமே இல்லை.

உடம்புக்கு முடியாமல் போனால்

முதலில் பக்கத்து கிளினிக். கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் தனியாக 7,000 யென்னோ அதற்கு மேலோ கேட்பார்கள். சனிக்கிழமை காலை திறந்திருக்கும் கிளினிக் ஒன்றை உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துவையுங்கள். மனநலத்துக்கு முதல் சந்திப்பு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் தூக்கம் கெட ஆரம்பித்த உடனே நேரம் வாங்குங்கள்.

மருத்துவர்களின் பாடும் இங்கே நம் பாடுதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022-இல் கோபேயில் 26 வயது இளம் மருத்துவர் ஒருவர் மாதம் 200 மணி நேரத்துக்கு மேல் ஸங்க்யோ செய்து, கடைசியில் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவர்களுக்கு உச்சவரம்பே 2024 ஏப்ரலில்தான் வந்தது. பொதுவாக வருடம் 960 மணி நேரம், சில மருத்துவமனைகளில் 1,860 வரை அனுமதி. மற்றவர்களுக்கு 720. நாட்டுக்கே வைத்தியம் பார்க்கிறவர்களை இப்படி வைத்திருக்கிறார்கள். சில மருத்துவமனைகள் இப்போது குடும்பத்தாரிடம் பேசுவதை மாலையிலும் வார இறுதியிலும் வைத்துக்கொள்வதில்லை. எரிச்சல்பட வேண்டாம், அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு கேட்டுப் போய் வாருங்கள்.

செலவில் 30 சதவீதம் உங்களுடையது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் மாத உச்சவரம்பு காப்பாற்றும். மாதச் சம்பளம் ஏறக்குறைய 3 முதல் 5 லட்சம் யென் உள்ளவருக்கு நெடுநாளாக இருந்துவரும் கணக்கில், 10 லட்சம் யென் பில்லுக்கு நீங்கள் கட்டுவது 87,430 யென். இந்த வரம்பு மாறக்கூடியது என்பதால் அன்றைய தேதிக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு அடையாள அட்டையான மைநம்பர் கார்டைக் காட்டினால் மருத்துவமனையிலேயே வரம்புக்குள் வாங்குவார்கள். ஊரிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி அப்பாவைப் பதறவைக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பைச் சட்டம் தருவதில்லை. காய்ச்சலுக்கும் யூக்யூவைத்தான், அதாவது சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்தால் 10 நாள் கிடைக்கும். அதில் 5 நாளையாவது நீங்கள் எடுத்தே ஆக வேண்டும், எடுக்கவைக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. காரணம் சொல்லத் தேவையில்லை. தீபாவளிக்கு லீவு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் காய்ச்சலுக்கே சேர்த்துவைக்காதீர்கள்.

நோய் நீண்டால் இரண்டு வழி. வேலையோடு தொடர்பில்லாத நோய் என்றால் மருத்துவக் காப்பீடு தரும் ஷோப்யோ தேஆதே (நோய்க்கால உதவித்தொகை): தொடர்ந்து மூன்று நாள் வராமல் இருந்து, நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மொத்தம் ஒன்றரை வருடம் வரை. மருத்துவரின் சான்றும் நிறுவனத்தின் சான்றும் வேண்டும். வேலையால் வந்தது என்றால் ரோசாய்: சிகிச்சைக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம், நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் சுமார் 80 சதவீதம். சந்தா முழுவதும் முதலாளியுடையது. விசா வகையைப் பார்க்க மாட்டார்கள், தொழிற்பயிற்சிக்கு வந்தவர், பகுதிநேரம் வேலை பார்க்கும் மாணவர் எல்லோருக்கும் உண்டு. நிறுவனம் கையெழுத்துப் போட மறுத்தாலும், மறுத்ததைச் சொல்லி நீங்களே ரோகிஷோவில் கொடுக்கலாம். மன நோய்க்கும் பொருந்தும். 2024 நிதியாண்டில் வேலையால் வந்த மன நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை 1,055. முதல்முறையாக ஆயிரத்தைத் தாண்டியது அந்த ஆண்டில்தான்.

ரோசாய் முடிவு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாது என்பதால் பலரும் முதலில் ஷோப்யோ தேஆதே வாங்குகிறார்கள். ரோசாய் கிடைத்ததும் அந்தக் காலத்துக்கு வாங்கியதைத் திருப்பிக் கட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எனவே ரோசாய்க்கு விண்ணப்பித்ததை மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரோகிஷோவில் பேச ஜப்பானிய மொழி வராவிட்டால், தொழிலாளர் அமைச்சகம் வெளிநாட்டவருக்காக நடத்தும் தொலைபேசி ஆலோசனையில் ஆங்கிலத்தில் கேட்கலாம். நேபாளி, வியட்நாமிய மொழிகள்கூட உண்டு, தமிழ் கிடையாது.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும் கட்டமும் வரும். போங்கள், தப்பில்லை. ஆனால் ஷோப்யோ தேஆதே வாங்கிக்கொண்டே விலகுவதாக இருந்தால், விலகும் நாள்வரை காப்பீடு தொடர்ந்து ஒரு வருடமாவது இருந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலகிய பிறகும் மீதிக் காலத்துக்குப் பணம் வரும். ஒரு நிபந்தனை: விலகும் கடைசி நாளன்று வேலைக்குப் போகாதீர்கள். மரியாதைக்காக ஒருநாள் போய் வேலை ஒப்படைத்து, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தால், அன்று உங்களால் வேலை செய்ய முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பின் வர வேண்டியதை நிறுத்திவிடுவார்கள். இனிப்பைத் தபாலில் அனுப்புங்கள். லேப்டாப்பையும் அப்படியே.